திகதி மட்டும் மாறிய பலகை

நேற்று மத்தியானம் குசினியில் விளைமீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த கைத்தொலைபேசி திடீரென்று அலறத் தொடங்கியது. அழைப்பு வந்தால் அது பாட்டுப் பாடும். இது வேறு சத்தம், ஆபத்துச் சங்கு ஊதுகிற சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு நான் ஓடியது எங்கே தெரியுமா? பின்வளவுக்கு. குண்டுக்கு ஒளிகிற பங்கர் ஒன்றும் அங்கே இல்லை. இந்த உடுவில் வீட்டில் ஒருநாளும் பங்கர் இருந்ததில்லை. அது என் தலைக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை. வாழைக்குப் பக்கத்தில் மீன் செதில் ஒட்டிய கையோடு நின்று முழித்தேன்.

தங்கையின் மகள், எனக்குப் பெறாமகள், தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். "பெரியம்மா, புயல் வருதாம். செம்மஞ்சள் எச்சரிக்கை" என்று காட்டினாள். திரையில் வெள்ளையாய் ஒரு சுழி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் பெயர் போல வாயில் நுழையாத பெயர். நான் சிரித்துவிட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளைப் பிழை சொல்ல முடியாது.

எங்கள் புயல்களுக்குப் பெயர் இருந்ததில்லை. "முறை"தான் இருந்தது. மாதா கோயில் ஓடு பறந்த முறை. வள்ளம் றோட்டில் ஏறிப் படுத்த முறை. கிணறு உப்பாகி மூன்று மாதம் தேத்தண்ணீர் கரித்த முறை. எது போனதோ அதை வைத்து ஊர் அடையாளம் சொல்லும். ஊர் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வட்டுக்கோட்டையில் இருந்து மேற்கே சைக்கிளை விட்டால், வயல் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் ஒரு கோயில், ஒரு சந்தை, நாலு கடை, ஒரு தபாற்கந்தோர், அவ்வளவுதான். சந்தை இருந்தபடியால் நாங்கள் அதைப் பட்டினம் என்போம். வட்டுக்கோட்டையார் கேட்டால் சிரிப்பார்கள்.

வயது போனவர்களிடம் அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் ஒன்று இருந்தது. நாங்கள் எந்தப் புயலைப் பார்த்து வாயைப் பிளந்தாலும், இது அறுபத்துநாலின் கால்தூசிக்கு வராது என்று வாயை மூடப் பண்ணிவிடுவார்கள். எங்களுக்கென்று ஒரு பெரிய புயல் வராதா என்று சின்ன வயதில் நான் ஆசைப்பட்டதும் உண்டு. அப்படி ஆசைப்பட்ட வாயில் சூடு வைத்திருக்க வேண்டும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பில் இருந்து கப்பலில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் சில மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த மாரியில் இடி இடித்தால் அவர்களுடைய பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார்கள். நானும் தங்கையும் அதைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு எங்களுடைய முறை வந்தது. எண்பத்தேழு, தொண்ணூறு என்று போகப் போக, இடியா, பீரங்கிச் செல்லா என்று பிரித்தறிவதே ஒரு படிப்பாகிவிட்டது. செல் என்றால் முதலில் தூரத்தில் ஒரு குத்து கேட்கும், விழுவதற்குள் ஒரு செபம் சொல்லலாம். இடி முன்னறிவிப்பில்லாமல் வரும். ஆனால் மாரி காலத்தில் இரண்டும் ஒன்றாகக் கேட்டால் எந்தப் படிப்பும் உதவாது. ஒரு பின்னேரம் வானம் இடித்த இடியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் பங்கருக்குள் குதித்தது. உள்ளே முழங்காலளவு தண்ணீர், பத்துப் பதினைந்து தவளை. வெளியே வந்தால் நனைவோம் என்று உள்ளேயே நின்று நனைந்தோம். உலகத்தில் இடிக்குப் பயந்து வெள்ளத்துக்குள் இறங்கிய சனம் நாங்களாகத்தான் இருப்போம்.

தண்ணீர் ஊறிய பங்கரில் ஒரு மணம் இருக்கும். ஈரச் சாக்கும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்த மணம். பலகையில் எழுதுகிற வெண்கட்டியை நனைத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே மணம்தான். வெண்கட்டி என்று சொல்லி வாயை மூடவில்லை, கை அரிக்கிறது. இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். எழுதுவினைஞர் என்றால் எல்லாம். கதவு திறப்பதும் நான், கூட்டுவதும் நான், கடிதம் எழுதுவதும் நான். என் வேலைகளுக்குள் எனக்குப் பெருமையானது ஒன்றுதான். சங்கத்து விறாந்தைச் சுவரில், றோட்டைப் பார்த்தபடி, ஒரு கரும்பலகை அடித்திருந்தது. ஒவ்வொரு நாளும் பொழுதுபடுவதற்கு முன்னர் றேடியோவில் வானிலை அறிக்கை கேட்டு, அதைச் சுருக்கி அந்தப் பலகையில் எழுத வேண்டும். மேலே திகதி. கீழே கடல் எப்படி, காற்று எப்படி, மழை எப்படி. அதை வாசித்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போகிறவர்கள் போவார்கள். ஆழக்கடலுக்குப் போக நேவி அப்போது விடவில்லை. கரையோடு ஒட்டி, இஞ்சின் இல்லாமல், பாயும் தண்டும் வைத்துத்தான் தொழில்.

றேடியோ கேட்பது லேசான காரியம் என்று நினைக்கிறீர்களா? மின்சாரம் போய் வருடக்கணக்கு. பற்றரி குடாநாட்டுக்குள் வரத் தடை. ஆகவே சைக்கிள்தான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, அதில் இருந்து இரண்டு வயரை றேடியோவுக்குக் கொடுத்துவிட்டு மிதிக்க வேண்டும். மிதிக்கும் மட்டும் றேடியோ கதைக்கும்.

மிதிப்பவர் ஓவசியர் ஐயா. றோட்டுக் கந்தோரில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர், சங்கத்துக்குப் பக்கத்து வீடு. சைக்கிள் அவருடையது. வேறொருவர் ஏறினால் சங்கிலி கழன்றுவிடும் என்று யாரையும் தொட விடமாட்டார். பின்னேரம் ஆறு ஏழு பேர் சுற்றி நிற்க, பெனியனும் சறமுமாக ஏறி இருந்து, ஒரு இடமும் போகாமல் மைல்கணக்கில் மிதிப்பார். சண்டைச் செய்தி சூடு பிடித்தால் அவருடைய காலும் சூடு பிடிக்கும், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் கீச்சிடும். சந்தோசமில்லாத செய்தி என்றால் கால் தளரும், அவளுடைய குரலும் இழுபடும். வானிலை எப்போதும் கடைசியில் வரும். அதற்குள் மனுசனுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். "காலநிலையை முத்தத்தில நிண்டு பார்த்தால் தெரியும்தானே பிள்ளை" என்பார். நான் கெஞ்சி, சில நாள் சண்டை பிடித்து, அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை மிதிக்க வைப்பேன். எனக்கு வாய் அந்தக் காலத்திலேயே கொஞ்சம் நீளம்.

பலகையை எழுதி முடித்துத் திரும்பினால் பிலோமினாக்கா நிற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிக்கூடப் படலையைக்கூடத் தாண்டாதவர். என் பலகையைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கப் பழகியவர் அவர். நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னால் பொய். அவராக நின்று, நேற்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பொருத்தி, சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்பார். பலகையில் வருவதே ஐந்தாறு சொல்தான்: கடல், காற்று, மழை, அமைதி, கொந்தளிப்பு. ஒரு மாரி முடிவதற்குள் எல்லாம் பிடிபட்டுவிட்டது. பிறகு அங்கேயே நில்லாமல் சோடாப் போத்தல், கோயில் அறிவித்தல், மண்ணெண்ணெய்க் கூப்பன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு திரிந்தார். ஊருக்குப் பகிடி. அவர் அதைக் கணக்கெடுக்கவில்லை.

அவருடைய புருசன் சவிரியண்ணைக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மனைவி வாசிக்கிறாள் என்பதில் அவருக்கு இருந்த புளுகத்தைச் சொல்லி முடியாது. "எங்கடை வீட்டு வாத்தியாரம்மா" என்பார். தினமும் பின்னேரம் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டில் நிற்பார். பிலோமினாக்கா பலகைக்குக் கிட்டப் போய், விரலால் தொடாமல் தொட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். "என்னவாம்?" என்று அண்ணை றோட்டில் நின்று கேட்பார். "அமைதியாம்" என்று அக்கா திரும்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அவருடைய கால் கரைப் பக்கம் திரும்பும். வானத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் போவார். அக்காவுக்காகத்தான் அப்படிப் போகிறார் என்று எனக்குப் படும்.

ஒரு கார்த்திகை மாதம். திகதி எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நாலு நாளாக ஒரே அறிக்கை. கடல் அமைதி, இடைக்கிடை மழை. நான் பலகையைத் துடைப்பதைக்கூட விட்டுவிட்டேன். அன்று பின்னேரம் ஓவசியர் ஐயா மிதிக்க, செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் புதுச் சீலை உடுத்தியிருந்தேன். தங்கை உடுவிலில் படிப்பிக்கத் தொடங்கி, முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த நீலச் சீலை. செய்தி முடிந்து, "அடுத்து வானிலை" என்று அந்தப் பெண் வாயெடுக்க, மேலே பொம்மர் இரைந்தது. பொம்மர் என்றால் குண்டு போடுகிற விமானம், நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். ஓவசியர் ஐயா அந்த வயதில் சைக்கிளால் பாய்ந்த பாய்ச்சலை இப்போதும் நினைத்தால் சிரிப்பு வரும். எல்லோரும் பங்கருக்குள். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர்.

பொம்மர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்றும் போடாமல் போய்விட்டது. வெளியே வந்தபோது சீலை இடுப்பு வரை சேறு. அறிக்கை முடிந்துவிட்டது. சனம் கலைந்துவிட்டது. பங்குச் சுவாமியாரிடம் றேடியோ இருந்தது, அவர் வானிலையைத் தவறவிடமாட்டார். அரை மைல் நடந்து போய்க் கேட்டிருக்கலாம். மழை தூறியது. எனக்குச் சீலையில்தான் கண். சேறு காய்ந்தால் கறை போகாது. நாலு நாளாக ஒன்றையே சொல்கிறார்கள், ஐந்தாம் நாள் மட்டும் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெண்கட்டியை எடுத்தேன். திகதியை மட்டும் மாற்றினேன்.

கதவைப் பூட்டிவிட்டு ஓடிவர, ஒழுங்கை முடக்கில் பிலோமினாக்காவும் சவிரியண்ணையும் எதிரே வந்தார்கள்.

"பிள்ளை, பலகை போட்டாச்சோ?" என்று சவிரியண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை, போட்டாச்சு" என்றேன். நின்றுகூடச் சொல்லவில்லை, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற போக்கில் சொன்னேன்.

பொம்மர் வந்தபடியால் அன்று வேறு யாரும் தொழிலுக்குப் போகவில்லை, பலகைப் பக்கம் வரவும் இல்லை. சவிரியண்ணையின் வள்ளம் மட்டும் போனது. இருட்டிய பிறகு காற்று எழும்பியது. அந்தக் காற்றை நான் வர்ணிக்கப் போவதில்லை. சங்கத்துக் கூரைத் தகரத்தை அடுத்த நாள் சந்தைக்குள் பொறுக்கினார்கள், அது போதும்.

விடிகிற நேரம் காற்று இன்னும் அடங்கவில்லை. படலையில் ஓவசியர் ஐயா நின்றார். சவிரி போனவனாம், வரவில்லையாம் என்றார். நான் கரைக்கு ஓடியிருக்க வேண்டும். ஊரே அங்கேதான் நின்றது. நான் சங்கத்துக்கு ஓடினேன்.

கூரை இல்லை. கதவு ஒன்று பிடுங்குப்பட்டுக் கிடந்தது. பலகை மட்டும் அசையாமல் சுவரில் இருந்தது. சுவர் நிலப்பக்கம் பார்த்தது, காற்றும் மழையும் கடல் பக்கத்தால் வந்தன. ஒரு எழுத்து அழியவில்லை. கடல் அமைதி. மழை அதை அழித்திருந்தால் நான் இன்றைக்கும் நல்ல பெண்ணாகத் திரிந்திருப்பேன். சீலைத் தலைப்பால் அழித்தேன். அழித்ததோடு விட்டேனா? இல்லை. மேசை லாச்சிக்குள் நனையாமல் கிடந்த வெண்கட்டியை எடுத்து, அதே திகதிக்குக் கீழே, கடல் கொந்தளிப்பு, தொழிலுக்குச் செல்ல வேண்டாம் என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றும் நன்றாகத்தான் இருந்தது.

வெளிச்சம் வரச் சனம் வந்தது. வள்ளம் கவிழ்ந்தபடி தெற்கே ஒதுங்கியிருக்கிறது என்று செய்தியும் வந்தது. பலகையைப் பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க ஏன் போனான், முரடன், சொல்வழி கேளான் என்று பேசிக்கொண்டார்கள். நான் சுவாமியாரிடம் கேட்டு எழுதியதாக ஓவசியர் ஐயாவும் நினைத்திருக்க வேண்டும். பிலோமினாக்காவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் கையை உதறிக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போனார். விரலை உயர்த்தி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். முடிந்ததும் முதலில் இருந்து இன்னொரு தரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன், உள்ளங்கை முழுக்க வெண்கட்டி மா. அவர் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

சவிரியண்ணையின் உடல் கிடைக்கவேயில்லை. ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்கு அடையாளம் வைத்துவிட்டது: சங்கத் தகரம் பறந்த முறை. மனுசன் போனதைச் சொல்லி அக்காவை நோகடிக்கக்கூடாது என்று தகரத்தைச் சொன்னார்கள். எங்கள் சனத்திடம் அந்த நல்ல குணம் இருந்தது.

என் கதைதான் நாறியது. அக்காவுக்குத் தெரியும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முதல் நாள் தன் கண்ணால் வாசித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டு, ஊரறியச் சொல்லாமல், என்னைப் பார்வையாலேயே கொல்கிறார் என்று நினைத்தேன். றோட்டில் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். அவரோ நான் போகிற பக்கம் பார்த்து, "சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் பட்ட பாடு! திட்டியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். பலகைப் பக்கம் அவர் பிறகு தலை வைக்கவில்லை. கடிதம் வந்தால்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிப்பித்தார். என் எழுத்தில் மட்டுமில்லை, எழுத்து என்ற ஒன்றிலேயே வெறுத்துப்போனார் என்று எடுத்துக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றேன். சோம்பல்பட்டேன் சுவாமி என்று சொன்னேன். வேறென்ன என்று கேட்டார். வேறொன்றும் இல்லை என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாரி முடிவதற்குள் சங்க வேலையை விட்டேன். வட்டுக்கோட்டையில் ஒரு தனியார் வகுப்பில் ஐந்து மாதம், யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு அச்சகத்தில் ஒரு வருடம், பிறகு இன்னொரு கந்தோர். எங்கேயும் பொருந்தி இருக்க முடியவில்லை. காற்று கொஞ்சம் எழும்பினால் எழுந்து வெளியே போய் நிற்பேன். உனக்கென்ன கால்களில் சில்லோ என்று தங்கை ஏசுவாள். அவளுக்கும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி வருகிறது, எல்லோரும் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும், குடாநாட்டின் பாதிச் சனம் கண்டி வீதிக்கு வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வானமும் அன்றுதான் திறந்துகொண்டது. விடிந்தபோது நான் செம்மணி வெளியில் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், நடக்க இடமில்லை. முன்னால் நாவற்குழிப் பாலம், பின்னால் கண்ணுக்கெட்டின மட்டும் தலைகள். தாகம் எடுத்தவர்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்துக் குடித்தார்கள். எனக்கு இடப்பக்கம் ஒருவர் அப்படிக் குடையைப் பிடித்திருந்தார். திரும்பிப் பார்த்தால் பிலோமினாக்கா. தனியாக, தலையில் ஒரு உரப்பை.

எங்கே ஒளிப்பது? அங்கே திருப்புவதற்கு றோட்டில்லை. அவரே என்னைக் கண்டுகொண்டு, குடைத் தண்ணீரை நீட்டி முதலில் என்னைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். உரப்பையை வாங்கி என் சைக்கிள் கரியரில் கட்டினேன். கொஞ்சத் தூரம் சனத்தோடு சனமாக ஊர்ந்தோம். மதகுக்குக் கிட்ட மரத்தில் ஒரு மட்டை கட்டியிருந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடமிருக்கிறது என்று யாரோ எழுதியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண், அதில் என்ன கிடக்கிறது என்று அக்காவைக் கேட்டாள். அக்கா தனக்கு வாசிக்கத் தெரியாது என்றார். நான் வாசித்துச் சொன்னேன். அந்தப் பெண் போனதும் என் வாய் நீளம் சும்மா இருக்கவில்லை.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனியள்? நீங்கள் வடிவா வாசிப்பியள்தானே."

அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாசிப்பன் எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான். அண்டைக்குப் பலகையில போக வேண்டாம் எண்டு கிடந்திருக்கு பிள்ளை. நீ வடிவாத்தான் எழுதி விட்டிருக்கிறாய். நான்தான் பிழையா வாசிச்சுப் போட்டன். என்னவாம் எண்டு கேட்டவர். அமைதியாம் எண்டன். என்ரை வாயாலைதான் அனுப்பினன்."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எத்தனை அடி நடந்தேனோ தெரியாது. மூன்று வருடம் நான் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்குத் தெரியுமா, சொல்வாரா, என்னை என்ன நினைப்பார். அவர் எதைச் சுமக்கிறார் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. அந்த விடியற்காலை அவர் பலகையை இரண்டு தரம் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. பாலம் வருவதற்குள் சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்லமாட்டேன் என்றும் தெரிந்தது, என்னை எனக்குத் தெரியும்.

"நீங்கள் பிழையா வாசிக்கேல்லை அக்கா" என்றேன். "முதல்நாள் அமைதி எண்டுதான் கிடந்தது. நான் றேடியோ கேளாமல் திகதியை மட்டும் மாத்திப் போட்டு வந்தனான். விடிய வந்து நான்தான் அழிச்சு எழுதினனான்."

அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்கள் மேல் முட்டி, ஏசிக்கொண்டு விலத்திப் போனார்கள். மழை அவருடைய முகத்தில் நேராக விழுந்தது, குடையைத் தலைக்குப் பிடிக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப அமைதி எண்டுதான் கிடந்ததோ?"

"ஓம் அக்கா."

"நான் வாசிச்சது சரி" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "நான் அந்த மனுசனுக்குச் சரியாத்தான் சொன்னனான்."

அவ்வளவுதான். கரியரில் இருந்த உரப்பையின் கயிற்றை அவரே அவிழ்த்தார். நனைந்த முடிச்சு, இறுகிக் கிடந்தது. நான் உதவப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டார். பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் இடையில் ஒரு மாட்டு வண்டி வந்துவிட்டது. பாலத்தில் ஏறும்போது குடை கொஞ்ச நேரம் தெரிந்தது.

சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் தேடினேன். வன்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். மன்னார்க் கரையால் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினதைக் கண்டதாக இன்னொருவர். சரியாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஓவசியர் ஐயா இடப்பெயர்வில் காய்ச்சல் வந்து தென்மராட்சியிலேயே போய்விட்டார். அவருடைய சைக்கிளில் யார் ஏறினார்களோ. ஊருக்கு நாங்கள் திரும்பப் பல வருடம் ஆனது. சங்கம் இருந்த இடத்தில் அத்திவாரக் கல் நாலு கிடந்தது. பலகை அடித்த சுவர் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் இப்போது தொலைபேசியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்தப் புயல் எந்த முறை என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை.

நேற்றுப் பெறாமகள் கோபம் ஆறித் திரும்பி வந்து, எச்சரிக்கை மூன்று தரம் வந்துவிட்டதாம், விரலால் தள்ளினால் போய்விடும் என்று காட்டித் தந்தாள். நான் தள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் திகதியைப் பார்த்தேன். பிறகு மற்றதை ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக வாசித்தேன். ஏன் பெரியம்மா சின்னப்பிள்ளை மாதிரி வாசிக்கிறீர்கள் என்று சிரித்தாள். மீன் அப்படியே கிடந்தது, வெளியே தூறத் தொடங்கியிருந்தது. அந்தப் பாலத்துக்கு அங்காலே பிலோமினாக்கா திரும்பவும் எதையாவது வாசிக்கத் தொடங்கினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.